வேடம் கட்டுவது யார் உரிமை?

சில வாரங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலையில், திருக்கோஷ்டியூர் பஸ் நிறுத்தத்தில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். மூன்று வாலிபர்கள், இரண்டு பெண்கள். யாரோ அல்ல, நம் ஊரையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த பிள்ளைகள். ஒருவன் கொத்தனார் மகன். ஒருவன் காரைக்குடியில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் நிற்கிறவன். ஒருவன் படித்து முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடுகிறவன். ஒரு பெண் தையல்காரர் மகள். மற்றவள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாயின் மகள். நர்ஸ் படிப்பு படிக்கிறாள். பையில் அடங்காத அங்கியைக் கொத்தனார் மகன் மேலே போட்டிருந்தான். பச்சையும் கறுப்பும் கட்டம் போட்ட அங்கி. கையில் அட்டையால் செய்த வாள்.

விசாரித்தோம். சென்னையில் இரண்டு நாள் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். 'அனிமே' எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களின் பாத்திரங்களைப் போல வேடம் அணிந்து, ஆயிரக்கணக்கான வாலிபர்கள் கூடுகிற கூட்டம் அது. இப்படி வேடம் கட்டுவதற்குக் 'காஸ்ப்ளே' என்று பெயர்.

டீக்கடையில் ஒரே சிரிப்பு. "பட்டணத்துக்குப் போய்க் கோமாளி வேஷம் கட்டிட்டு வருதுக" என்றார் ஒருவர். அத்தோடு போயிருந்தால் நாம் எழுத வந்திருக்க மாட்டோம். நம் தோழர் ஒருவரே, அனுபவஸ்தர், முகம் சுளித்துச் சொன்னார்: "வேலை கேட்டுப் போராட வேண்டிய வயசு. பொம்மைப் படம் பார்த்து வேஷம் போடுதுங்க. கலாசாரச் சீரழிவு, தோழர்! வேறென்ன?"

இந்த அபிப்பிராயத்தை நாம் ஏற்கவில்லை. ஏற்காததற்குக் காரணங்களைச் சொல்லுகிறோம்.

வேடம் நமக்குப் புதிதா?

குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவைப் பார்க்காதவர்கள் தென் ஜில்லாக்களில் உண்டா? ஊர் ஊராகக் குழு சேருகிறார்கள். காளி, ராஜா, குரங்கு, போலீஸ்காரர், பிச்சைக்காரர் என்று வேடம் கட்டுகிறார்கள். மேளத்தோடு வீடு வீடாகப் போய்க் காணிக்கை பிரிக்கிறார்கள். பத்தாம் நாள் இரவு சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கில் கடற்கரையில் கூடுகிறார்கள். மீன் பிடிக்கிறவர், பனை ஏறுகிறவர், கூலி வேலை செய்கிறவர் எல்லோரும் வருஷம் முழுவதும் சேர்த்த காசை அந்த உடைக்குச் செலவிடுகிறார்கள். அதை நாம் சீரழிவு என்று சொல்லவில்லை. உழைப்பாளி தன்னை வேறொருவனாகப் பார்க்க ஆசைப்படும் பத்து நாள் அது. அங்கே நேர்த்திக்கடன், இங்கே சித்திரப் படம். ஆசை ஒன்றுதான்.

மேடை வேடத்தையும் நாம் மறந்துவிடக் கூடாது. நாடக நடிகர் விஸ்வநாத தாஸ் வெள்ளைக்காரன் ஆட்சிக்கு எதிராக மேடையில் பாடிப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் விட்டார். அவருடைய ஜாதியைச் சொல்லி அவரோடு நடிக்க நடிகைகள் மறுத்த காலமும் இருந்தது. அந்தக் காலத்தில் துணிந்து அவரோடு மேடையேறியவர் கே.பி.ஜானகியம்மாள். அதே ஜானகியம்மாள்தான் பின்னால் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் தலைவராகி, 1967ல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டசபைக்குப் போனார். வேடத்திலிருந்து இயக்கத்துக்கு வர வழி இல்லை என்று யார் சொன்னது?

உடுக்கவே தடை இருந்த மண்

இன்னொரு விஷயம். இது சிரிப்புக்கு உரியதல்ல.

நம் பகுதி அன்று ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. 1930 டிசம்பரில் இந்த ஜில்லாவின் ஆதிக்க ஜாதிக்காரர்கள் ஆதி திராவிட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கத்தரிக்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரமும் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த வருஷம் தடைகள் பதினொன்றாயின. 1931 ஜனக் கணக்கெடுப்பின் கமிஷனராக இருந்த ஹட்டன் தம் புத்தகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

எட்டில் ஏழு, உடலின் மேல் என்ன இருக்கலாம் என்பதைப் பற்றியது! உடை என்பது அற்ப விஷயமானால், அதற்காக ஏன் குடிசைகளை எரித்தார்கள்?

அந்தத் தடைகளின் கீழ் வாழ்ந்தவர்களின் கொள்ளுப்பேத்தி அந்த நர்ஸ் படிக்கும் பெண். இன்று அவள் தன் கையால் தைத்த பட்டு நிற அங்கியும், நீல நிறச் செயற்கை முடியும், கால் மறைக்கும் பூட்ஸும் அணிந்து பெரிய மண்டபத்துக்குள் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறாள். முன்பின் தெரியாதவர்கள் வந்து அவளோடு நின்று போட்டோ எடுத்துக் கொண்டார்கள். "எது ரொம்பப் பிடிச்சது?" என்று கேட்டோம். சற்று யோசித்துச் சொன்னாள்: "ரெண்டு நாளா ஒருத்தரும் என்னை எந்தத் தெருன்னு கேக்கலை, தோழர்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு டீக்கடையில் பதில் இல்லை. நம்மிடமும் சட்டென்று பதில் இல்லை. இந்தக் கேள்வி இல்லாத இரண்டு நாளைத் தேடி நம் பிள்ளைகள் நானூறு கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது என்றால், வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்களா, நாமா?

கரி விற்பவன் கதை

"அந்நியக் கலாசாரம்" என்கிறார்கள். கொத்தனார் மகன் கட்டிய வேடம் யாருடையது? தான்ஜிரோ என்ற பையனுடையது. மலைக் கிராமத்தில் கரி சுட்டு, முதுகில் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் அவன். அக்கதையின் சினிமா 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலோடு நம் திரையரங்குகளுக்கும் வந்தது. ஜமீன் வாரிசாகவும் கம்பெனி முதலாளியாகவும் வருகிற நம் சினிமா கதாநாயகர்களை விட, இந்தக் கரி விற்கும் பையன் கொத்தனார் மகனுக்கு எவ்வளவோ நெருக்கம் அல்லவா?

அந்தக் கட்டம் போட்ட அங்கியைத் தைத்துக் கொடுத்தவர் தையல்காரரின் மகள். தகப்பனார் மெஷினில், இரவு வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து தைத்திருக்கிறாள். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஜப்பானியக் கட்டம் கஷ்டமாக இல்லையாம்! இந்தக் கலையின் ஆரம்பத்திலும் ஒரு பெண்ணின் ஊசிதான் இருக்கிறது. 1939ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டுக்கு இருவர் எதிர்கால உடையில் வந்தார்கள். ஒருவர் ஃபாரஸ்ட் அக்கர்மேன். இன்னொருவர் மிர்ட்டில் டக்ளஸ். இருவர் உடையையும் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ்தான். பேர் நெடுங்காலம் அக்கர்மேனுக்கே போயிற்று. உழைத்தவர் பெயர் மறைவது நமக்குப் புதிய செய்தியா?

வேடம் கட்டுகிறவர்களுக்கு அரசியல் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. கடற்கொள்ளைக்காரப் பையன் ஒருவனைப் பற்றிய 'ஒன் பீஸ்' கதையில், வைக்கோல் தொப்பி போட்ட மண்டையோட்டுக் கொடி வருகிறது. 2025 ஆகஸ்டில் இந்தோனேஷிய லாரிகளிலும் வீடுகளிலும் சர்க்காருக்கு எதிர்ப்பாக அந்தக் கொடி பறந்தது. செப்டம்பரில் நேபாளத்து வாலிபர்கள் அதே கொடியோடு தெருவுக்கு வந்தார்கள். 70க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. அன்று அங்கே பிரதமராக இருந்தவர் கம்யூனிஸ்ட் கட்சிப் பெயர் தாங்கியவர். இதை மறைத்து எழுதுவது நமக்கு அழகல்ல. வாலிபர்கள் நம் கொடியை எடுக்காமல் சித்திரக் கதைக் கொடியை ஏன் எடுத்தார்கள் என்று நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டும். அவர்களைப் பார்த்துச் சிரிப்பது அதற்கு விடையாகாது.

வரைகிறவன் கூலி

அந்த ஐவரிடமும் நாம் ஒன்று கேட்டோம்: "இந்தப் படங்களை வரைகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள், தெரியுமா?" தெரியவில்லை. சொன்னோம்.

ஜப்பானியச் சித்திரப் படத் தொழிலின் வருஷ வரவு 2023ல் 3 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது. ஆனால் அசைவுக்கு அசைவு படம் வரைகிற தொழிலாளரில் பலருக்கு ஒரு படத்துக்கு இத்தனை என்று துண்டுக் கூலிதான். பீடி சுற்றுகிறவருக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது போலத்தான். இந்தத் தொழிலில் குறைந்த கூலியும் அளவு மீறிய வேலை நேரமும் இருப்பதை ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழுவே 2024ல் வெளிவந்த அறிக்கையில் கண்டித்திருக்கிறது.

இதற்கு எதிராகப் போராடிய சரித்திரமும் உண்டு. 1956ல் தொடங்கிய தோயி சித்திரப் படக் கம்பெனியில் 1961ல் தொழிற்சங்கம் அமைந்தது. 1963ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ஹயாவோ மியாசாகி என்ற இளைஞர் மறு வருஷமே சங்கத்தின் செயலாளர் ஆனார். அவரோடு சங்க நிர்வாகத்தில் நின்றவர் இஸாவோ தகாஹாதா. சங்கத்தில் பழகிய இந்த நண்பர்கள் சேர்ந்து 1968ல் ஒரு படம் கொண்டு வந்தார்கள். ஹோருஸ் என்ற சிறுவனும் ஒரு கிராமத்து ஜனங்களும் ஒன்றுபட்டு அரக்கனை முறியடிக்கும் கதை அது. அந்த மியாசாகியின் படம்தான் 2003ல் ஆஸ்கார் பரிசு பெற்றது. இதைக் கேட்டதும் செல்போன் கடைப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மியாசாகி யூனியன் ஆளா?" என்றான். தன் கடையில் பன்னிரண்டு மணி நேர வேலையைப் பற்றி அவன் முதல் தடவையாக நம்மிடம் பேசியது அன்றைக்குத்தான்.

வாசல் யாருடையது?

இத்தனை சொன்ன பிறகு ஒரு ஆட்சேபத்தையும் சொல்லத்தான் வேண்டும். ரயில், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் ஐந்து நாள் கூலிக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆறாவதாக வர இருந்த ஒருவன் பணம் புரளாததால் வேடத்தைத் தைத்து வைத்துவிட்டு ஊரிலேயே நின்றுவிட்டான். அவன் வேடம் இன்னும் ஆணியில் தொங்குகிறது.

நம் நாட்டில் இந்த விழாக்கள் வியாபாரமாகிவிட்டன. 2011ல் டில்லியில் தொடங்கிய காமிக் கான் விழா 2024 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தது. அதே வருஷத் தொடக்கத்தில், அதை நடத்தும் நிறுவனம் முழுவதையும் நாட்வின் கேமிங் என்ற கம்பெனி 55 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. வேடம் பிள்ளைகளுடையது, உழைப்பும் அவர்களுடையது, கூட்டம் சேருவதும் அவர்களால்தான். வாசல் மட்டும் இன்னொருவருடையது!

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. ஜப்பானிலேயே இருக்கிறது. 1975 டிசம்பர் 21ல் டோக்கியோவில் ரசிகர்களே கூடி 'காமிக் மார்க்கெட்' என்ற சந்தையை ஆரம்பித்தார்கள். அன்று வந்தவை 32 குழுக்கள். வந்தவர்கள் ஏறக்குறைய 700 பேர். இன்று லட்சக்கணக்கில் கூடுகிறார்கள். ஆனாலும் அதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அவர்கள் வருகிறவர்களை வாடிக்கைக்காரர் என்று அழைப்பதில்லை; பங்காளர் என்றே அழைக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

நம் தாலுகாவில் இதைச் செய்ய முடியாதா? கோடை விடுமுறையில் ஒரு பள்ளிக்கூட மைதானம் போதும். டிக்கெட் கூடாது. தையல் தெரிந்தவர்கள் தைக்கக் கற்றுக் கொடுக்கட்டும். படம் வரைகிறவர்கள் வரையக் கற்றுக் கொடுக்கட்டும். தான்ஜிரோ வரட்டும்; வைக்கோல் தொப்பிப் பையனும் வரட்டும். கூடவே நம் மருது சகோதரர்களும் வரட்டும். 1801 அக்டோபர் 24ல் அவர்களைத் தூக்கிலிட்ட திருப்பத்தூர் நமக்குப் பக்கத்து ஊர்தானே! குயிலியும் வரட்டும். விஜயதசமி நாளில் வேடம் மாறிச் சிவகங்கை அரண்மனைக்குள் நுழைந்தவள் என்று நம் ஜனங்கள் சொல்லுகிற வீரப் பெண் அல்லவா அவள்?

ஒரே நிபந்தனை. அங்கே யாரும் யாரையும் "எந்தத் தெரு?" என்று கேட்கக் கூடாது.

கோஷ்டி என்றால் கூட்டம். கூட்டத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது நம் ஊர். இங்கே ஒரு கதை உண்டு. பதினெட்டு முறை நடந்து வந்து, ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்து மந்திரம் கற்ற ராமானுஜர், கோயில் மேல் ஏறி நின்று அதை ஊருக்கெல்லாம் உரக்கச் சொல்லிவிட்டார் என்பார்கள். நாம் பக்திப் பிரசங்கம் செய்யவில்லை. சிலருக்கு மட்டும் என்று பூட்டி வைத்ததை எல்லோருக்கும் திறந்துவிட்ட கதையை இந்த மண் ஆயிரம் வருஷமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறது என்பதைத்தான் ஞாபகப்படுத்துகிறோம்.

ஆணியில் தொங்கும் அந்த ஆறாவது வேடத்தை அடுத்த கோடையில் அதற்குரியவன் அணிய வேண்டும். நம் ஊர் மைதானத்தில், காசில்லாமல் அணிய வேண்டும். வாலிபர் சங்கத் தோழர்களே, மாதர் சங்கத் தோழர்களே, இந்த வேலையில் இன்றே இறங்குவோம்!