தறி ஓய்ந்த வாரம்

மழைநாளில் ஆரணித் தெருக்களில் பாவு நீட்ட இயலாது. தறிக்குழியில் நீர் ஊறும். தறி ஓய்ந்தால் கூலியும் ஓயும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவை அருகே கரை கடந்தபின், இங்குள்ள நெசவுத் தம்பதியர்க்கு அத்தகைய வாரம் வாய்த்தது. மழை வெறித்ததும் உறவினர் வேனில், நாயையும் ஏற்றிக்கொண்டு, மாமல்லபுரம் சென்றனர். (கடன் வாங்கியா என்று கேளாதீர்கள்!) அலையைக் கண்டு குரைத்த நாய், அஞ்சி அம்மையாரின் மடியில் ஒடுங்கிற்று. அதைத் தடவிய விரல்களில் நூல் அறுத்த வடுக்களைக் கணவர் அப்போதுதான் கண்டாராம். "இருபது ஆண்டாய்த் தார் சுற்றிய கை, சாமி!" என்றார்.

தோபித்து ஆகமத்தில் அன்னாவும் கூலிக்கு நெய்தவளே. கூலிக்கு மேல் அவளுக்குக் கிடைத்த ஆட்டுக்குட்டியைத் திருட்டென்று ஐயுற்றார், பார்வையிழந்த கணவர். அவர்கள் மகனோடு வழிநடந்ததும் ஒரு நாய்தான்.

நம் நண்பர் இல்லத்தில் இப்போது இரவில் தார் சுற்றுபவர் அவரே.