மாதர் இருதயமும் நமது கடமையும்

இருதய நோய் ஆடவர்க்கே உரியதென்றும், மாதரை அஃது எளிதில் அணுகாதென்றும் நம்மவருள் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. உண்மை வேறு. உலகெங்கும் மாதரை மாய்க்கும் நோய்களுள் முதலிடம் பெறுவன இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் பற்றிய நோய்களே. ஆடவர்க்கு வருவதினும் மாதர்க்கு முதல் மாரடைப்புச் சில ஆண்டுகள் பிந்தி வருகின்றதென்பது மெய்யே. ஆயினும் பிந்தி வருவது வாராததாகிவிடுமா?

இப்பிழை பாமரரிடத்து மாத்திரம் இருந்ததன்று. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் மாகாணத்தில், இருதய நோயைப்பற்றி மாதர்க்கென ஒரு மகாநாடு கூட்டப்பெற்றது. அதற்கிட்ட பெயர் ‘இருதயங்களும் கணவன்மாரும்’ என்பது. கணவரின் இருதயத்தைக் காக்கும் வழியே ஆங்கு மனைவியர்க்குப் போதிக்கப்பட்டது. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமாவென ஆராய்ந்து 1989-இல் முடிவு வெளியிட்ட பெரியதோர் ஆராய்ச்சியிற் பங்குகொண்ட 22,071 வைத்தியரும் ஆடவரே. ஆணுடலை அளவுகோலாகக் கொண்டு பெண்ணை அளந்தால் அளவு பிழைபடுதல் இயல்பன்றோ?

மாரடைப்பில் மார்வலி இருபாலார்க்கும் பொது. எனினும் மாதர் பலர்க்கு மூச்சுத்திணறல், குமட்டல், காரணமற்ற அயர்ச்சி, தாடை, கழுத்து, முதுகு ஆகிய இடங்களில் வலி முதலியன அதனோடு கூடியும், சிலர்க்கு அஃதின்றியும் தோன்றும். இவற்றை வாயுவென்று கருதிச் சுக்குக் கஷாயம் அருந்திப் படுத்துக்கொள்வது நம் இல்லங்களில் வழக்கம். அதற்குள் இரத்தம் பெறாத இருதயத் தசை நிமிஷந்தோறும் மடிகின்றது. இத்தகைய குறிகள் திடீரெனத் தோன்றின், விடியட்டுமென்று காத்திராமல் 108-ஐ அழைத்தலே அறிவுடைமை.

இத்தாமதத்திற்குக் காரணம் அறியாமை ஒன்றேயன்று என்பது என் கருத்து. நோவை வெளியிடாதிருத்தலைப் பெண்ணின் பெருமையாக நாம் பாராட்டி வந்துள்ளோம். அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள், அனைவர்க்கும் மருந்து வாங்கியபின் எஞ்சிய பணத்தில் தன் நோயைக் கவனிக்க எண்ணுகின்றாள், எஞ்சுவது யாதுமில்லை. பொறுமை அறமே. ஆயின் ஒருத்தியின் பொறுமையை நம்பி ஏனையோர் கவலையற்றிருத்தல் அறமாகாது.

நோயைத் தடுத்தல் பெரும்பாலும் நம் கையிலுள்ளது. 52 நாடுகளில் நிகழ்ந்து 2004-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, முதல் மாரடைப்பின் அபாயத்திற் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் ஒன்பது காரணங்களுள் அடங்குமென்று காட்டிற்று. புகையிலை, இரத்த அழுத்தம், நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, வயிற்றுப் பருமன், மனவுளைச்சல் என்பன அவற்றுட் சில. கர்ப்பகாலத்தில் இரத்த அழுத்தமோ நீரிழிவோ கண்டவர், பிரசவத்தோடு அது தீர்ந்ததென்று எண்ணலாகாது. பிற்காலத்தில் அவர்க்கு இருதய நோய் வரும் வாய்ப்பு மிகுதி. வெற்றிலையோடு புகையிலை சேர்த்தலை ஒழித்தல், உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குட் சுருக்குதல், வாரத்தில் 150 நிமிஷமேனும் விரைந்து நடத்தல் ஆகியன செல்வமின்றியும் கைக்கொள்ளத்தக்கவை. அடுப்பங்கரையில் நாள்முழுதும் நிற்றல் நடையாகாது.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் இல்லஞ் செல்லுங்கால் அன்னையரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்தறியச் செய்யுங்கள். “எனக்கொன்றுமில்லை” என்பார்கள், அச்சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். நம்மைக் கற்கவைத்த தாயருக்கு நாம் கற்றது பயன்படுமாக.