எந்த மீன்?

சென்ற வாரம் கொல்கத்தாவிலிருந்து திரும்புகையில் விமானத்துக்கு 40 நிமிடங்களே இருந்தன. விமான நிலையக் கடையொன்றில், ‘கடலுணவு’ என்ற தலைப்பின்கீழ் இருந்த ஃபிஷ் ஃப்ரையைக் கேட்டேன். என்ன மீன் என்றேன். “மீன்தான்” என்றார் பணியாளர். மீண்டும் கேட்டதும் உள்ளே சென்று விசாரித்து வந்தார்: பாசா. வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் பெருமளவில் வளர்க்கப்படும் நன்னீர்க் கெளுத்தி இனம் அது. கடலுணவுப் பட்டியலில் கடலையே காணாத மீன்!

பாசாவின்மீது எனக்குப் பகையில்லை. மலிவானது, முள் தொல்லை இல்லாதது. ஆனால் கொல்கத்தாவில் ஃபிஷ் ஃப்ரை என்றால் பெட்கி. நாம் கொடுவா என்போமே, அதுதான். அந்தப் பெயருக்குரிய விலையை வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் மறைப்பது என்ன நேர்மை? பொதுப்பெயர் சிறப்புப்பெயரை விழுங்குவது மொழியியல்பு என்று என் துறையினரே சிலர் சமாதானம் கூறக்கூடும். பெட்கி, இலிஷ், பாப்தா, டேங்ரா என்று பிரித்தறிந்து வாங்கும் ஊரில் இது மொழியியல்பன்று; எந்த மீனையும் இட்டு நிரப்பிக்கொள்ள வசதியாக விடப்பட்ட வெற்றிடம்.

பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை கொண்ட உணவகங்கள் கலோரி அளவைக் குறிக்க வேண்டும் என்கின்றன இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள். ஒவ்வாமைக் குறிப்பும் உண்டு. நான் பார்த்த பலகையில் அதுவும் இருந்தது: ‘மீன் கலந்தது’. எந்த மீன் என்பது மட்டும் இல்லை.

அவசரத்தில் உண்பவருக்கு இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்பர். பக்கத்துக் கடையின் காப்பிப் பலகையில் கொட்டை விளைந்த மாவட்டத்தின் பெயர் வரை எழுதியிருந்தது. அதைக் குடிப்பவருக்கும் விமானம் பிடிக்கும் அவசரந்தான்.