சிலிண்டருக்குள் எவ்வளவு கியாஸ் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை. காலை 8 மணி.

ஊரில் இருந்து விருந்தாளிகள் வந்து இருக்கிறார்கள். இட்லிப் பானையில் இப்போதுதான் ஆவி வரத் தொடங்கி இருக்கிறது. பக்கத்து அடுப்பில் சாம்பார்.

திடீர் என்று நெருப்பு சிறுக்கிறது. ஒரு நிமிடம் முணுமுணுக்கிறது. பிறகு அணைந்து விடுகிறது.

கியாஸ் தீர்ந்து விட்டது!

இது என் வீட்டில் நடந்த கதை. உங்கள் வீட்டிலும் நடந்து இருக்கும்.

நான் என்ன செய்தேன்? எல்லாக் கணவன்மாரும் செய்வதைத்தான் செய்தேன். "முன்னாலேயே பார்த்து வைக்கக் கூடாதா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்: "எதைப் பார்க்கிறது? விறகு என்றால் கட்டு குறைவது தெரியும். மண்ணெண்ணெய் என்றால் டின்னை எட்டிப் பார்க்கலாம். இந்த இரும்புக் குண்டுக்குள்ளே என்ன தெரிகிறது? நீங்கள்தான் சொல்லுங்களேன்!"

என்னால் சொல்ல முடியவில்லை. கல்லூரியில் படித்தவன்தான். ஆனாலும் தெரியவில்லை. வெட்கமாகப் போய் விட்டது. விருந்தாளிகளை ஓட்டலுக்கு அழைத்துக் கொண்டு போனேன். அரை வேக்காட்டு இட்லி மாவு வீணாயிற்று.

அதன் பிறகு விசாரித்துத் தெரிந்து கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நெருப்பு காட்டிக் கொடுக்காது

சிலிண்டருக்குள் இருப்பது காற்று போன்ற பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரி அல்ல. அழுத்தி அடைத்து இருப்பதால், உள்ளே அது தண்ணீர் போலத் திரவமாக இருக்கிறது. அந்தத் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி மேலே வருகிறது. அந்த ஆவிதான் குழாய் வழியாக வந்து எரிகிறது.

உள்ளே கொஞ்சம் திரவம் இருந்தாலும் போதும். ஆவியின் அழுத்தம் அப்படியே இருக்கும். அதனால்தான் முதல் நாள் எரிந்தது போலவே 40-வது நாளும் ஜோராக எரிகிறது. கடைசித் துளி ஆவியாகும்போதுதான் நெருப்பு சோர்கிறது. நமக்குத் தெரியும்போது எல்லாம் முடிந்து விடுகிறது.

நெருப்பு மஞ்சளாக எரிந்தால் கியாஸ் தீரப் போகிறது என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பி இருக்க வேண்டாம். பெரும்பாலும் பர்னர் ஓட்டையில் அழுக்கு அடைத்து இருந்தாலும் நெருப்பு மஞ்சளாகத்தான் எரியும்.

எடைதான் சாட்சி

பிறகு எப்படித்தான் தெரிந்து கொள்வது? நிறுத்துப் பார்க்க வேண்டும். வேறு நம்பிக்கையான வழி கிடையாது.

சிலிண்டரின் கைப்பிடிப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஓர் எடை எழுதி இருக்கும். அது வெறும் சிலிண்டரின் எடை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அது கொஞ்சம் மாறும். என் வீட்டில் இப்போது இருக்கும் சிலிண்டரில் 15.8 கிலோ என்று எழுதி இருக்கிறது.

வீட்டுச் சிலிண்டரில் அடைக்கும் கியாஸ் 14.2 கிலோ. இரண்டையும் கூட்டினால் 30 கிலோ. புதுச் சிலிண்டர் வரும்போது தராசு 30 காட்ட வேண்டும்.

இனி நாள் கணக்கு. எங்கள் வீட்டில் ஒரு சிலிண்டர் 45 நாள் வருகிறது. அப்படியானால் ஒரு நாளைக்குச் சுமார் 315 கிராம் செலவாகிறது.

ஒரு மாதம் ஆனதும் சிலிண்டரை நிறுத்துப் பார்த்தேன். 21 கிலோ இருந்தது. அதில் 15.8 கிலோ இரும்பு. மீதி 5.2 கிலோ கியாஸ். ஒரு நாளைக்கு 315 கிராம் என்றால் இன்னும் 16 நாள் வரும். சரியாக அப்படியே வந்தது!

ஆள் எடை பார்க்கும் சாதாரண எந்திரமே இதற்குப் போதும். அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டுவிட்டு நிமிர்த்தியபடியே வைக்க வேண்டும். சிலிண்டரின் அடிப்பாகம் எண்ணை மறைத்தால் நடுவில் ஒரு சிறு பலகை வைத்து, பலகையின் எடையைக் கழித்துக் கொள்ளலாம்.

அமெரிக்காவில் பல வீடுகளில், தோட்டத்தில் வைத்து இறைச்சி சுடும் கியாஸ் அடுப்பு உண்டு. அதற்கு 20 பவுண்டு சிலிண்டர் என்று பெயர். அவர்களுக்கும் இதே தொல்லைதான். விருந்துக்கு ஆள் வந்த பிறகு கியாஸ் தீர்ந்து விடும். அங்கேயும் வெறும் சிலிண்டரின் எடையை அதன் கழுத்தில் பொறித்து இருக்கிறார்கள். இன்னொரு சங்கதி: காலிச் சிலிண்டரைக் கொடுத்து நிரப்பியதை வாங்கும் கடைகளில், பல இடங்களில் 15 பவுண்டு கியாஸ்தான் இருக்கும். சிலிண்டரில் ஒட்டிய சீட்டில் அதை அச்சடித்தும் இருப்பார்கள். படிப்பவன் பிழைத்தான். படிக்காதவன் 20 பவுண்டு என்று நினைத்துக் கொண்டு போவான்.

எழுதி இருப்பதைப் படிக்கும் பழக்கம் எந்த ஊராருக்கும் குறைவுதான் போலும்.

வாசலிலேயே நிறுங்கள்

சிலிண்டர் கொண்டு வருபவர் தராசும் கொண்டு வர வேண்டும். "நிறுத்துக் காட்டுங்கள்" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் எத்தனை பேர் கேட்கிறோம்? கேட்டால் சண்டைக்காரன் என்று நினைத்து விடுவாரோ என்று கூச்சம். அரிசி வாங்கும்போது தராசு முள்ளை உற்றுப் பார்க்கிறோம். 14 கிலோ கியாசைக் கண்ணை மூடிக் கொண்டு வாங்குகிறோம்!

நான் முதல் முறை கேட்டபோது, "தராசு ரிப்பேர் சார், அடுத்த தடவை கொண்டு வருகிறேன்" என்றார் அந்தத் தம்பி. அடுத்த தடவையும் ரிப்பேர். மூன்றாவது தடவை ஏஜென்சிக்குப் போன் செய்து சொன்னேன். தராசு வந்து விட்டது.

அந்தத் தம்பியிடம் எனக்குக் கோபம் இல்லை. 30 கிலோவைத் தோளில் வைத்துக் கொண்டு மூன்று மாடி ஏறி வருகிறார். தராசையும் சேர்த்துத் தூக்கு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? தராசு கொடுத்து அனுப்ப வேண்டியது ஏஜென்சி. கேட்க வேண்டியதும் அங்கேதான்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சிலிண்டரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச் வரை. பி என்றால் ஜூன் வரை. சி என்றால் செப்டம்பர் வரை. டி என்றால் டிசம்பர் வரை. பக்கத்தில் இருப்பது ஆண்டு. அந்தத் தேதிக்குள் சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பது பொருள். தேதி கடந்த சிலிண்டராக இருந்தால் வாங்காதீர்கள்.

ஈரத்துணி வைத்தியம்

எடை எந்திரம் இல்லாத வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. என் பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்ன வழி.

சிலிண்டரை ஈரத்துணியால் மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். சற்று நேரம் கழித்துப் பாருங்கள். மேல் பகுதி சீக்கிரம் காய்ந்து விடும். திரவம் இருக்கும் பகுதி குளிர்ச்சியாக இருப்பதால் மெதுவாகக் காயும். ஈரம் நிற்கும் கோடுதான் கியாஸ் இருக்கும் மட்டம். கிராம் கணக்குத் தெரியாது. ஆனாலும் பாதியா, காலா என்று தெரியும். பாட்டி பள்ளிக்கூடம் போனது இல்லை!

இதை மட்டும் செய்யாதீர்கள்

கியாஸ் தீரும்போது சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள். தலைகீழாகக் கவிழ்க்கிறார்கள். "இன்னும் இரண்டு தோசைக்கு வரும்" என்கிறார்கள்.

இது பெரும் ஆபத்து. நிமிர்ந்து இருக்கும்போது ஆவி மட்டுமே வெளியே வரும். சாய்த்தால் திரவமே குழாய்க்குள் வந்து விடலாம். துளித் திரவம் வெளியே வந்து பல மடங்கு ஆவியாக விரியும். அடுப்பில் நெருப்பு ஆள் உயரம் எழும்பும். இரண்டு தோசைக்காக யாராவது முகத்தைக் கொடுப்பார்களா?

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் குளிர்கால விடியற்காலையில் கியாஸ் இருந்தும் நெருப்பு மந்தமாக எரியும். குளிரில் திரவம் சரியாக ஆவியாகாததே காரணம். அதற்காகச் சிலிண்டரைக் கொதிக்கும் தண்ணீரில் வைப்பதோ, அதன் அடியில் நெருப்பு மூட்டுவதோ கூடவே கூடாது. வெயில் ஏறினால் தானாகச் சரியாகும்.

கியாஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். மின்சார சுவிட்சைத் தொட வேண்டாம். இந்தக் கியாஸ் காற்றை விடக் கனமானது. தரையோடு தேங்கி நிற்கும். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஒரே சிலிண்டர் உள்ள வீடு

இரண்டு சிலிண்டர் உள்ளவர்கள் தப்பித்தார்கள். ஒன்று தீர்ந்தால் மற்றதை மாட்டலாம். தீர்ந்த அன்றே அடுத்ததற்குப் பதிவு செய்தால் போதும்.

ஒரே சிலிண்டர் உள்ள வீட்டின் பாடுதான் கஷ்டம். தமிழ்நாட்டில் 2007-ல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கியாஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கினார்கள். 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. குடிசையிலும் நீல நெருப்பு எரிந்தது. நல்ல காரியம். ஆனால் அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லிக் கொடுத்த அளவுக்கு, கியாஸ் கணக்கைச் சொல்லிக் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கணக்குத் தெரியாத வீட்டில், சிலிண்டர் தீர்ந்ததும் அம்மா மறுபடியும் சுள்ளி பொறுக்கப் போகிறாள்.

அவர்களுக்கு நான் சொல்வது இது. பதிவு செய்த நாளுக்கும் சிலிண்டர் வந்த நாளுக்கும் எத்தனை நாள் என்று மூன்று தடவை குறித்து வையுங்கள். அதில் அதிகமான எண்ணுடன் 5 நாளைக் கூட்டுங்கள். அத்தனை நாளுக்குக் கியாஸ் மீதி இருக்கும்போதே பதிவு செய்து விடுங்கள்.

குறித்து வைப்பதை அம்மாவின் தலையில் மட்டும் கட்ட வேண்டாம். சாப்பிடுகிற எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. எங்கள் வீட்டில் அந்த வேலையை 5-ம் வகுப்பு படிக்கும் என் மகள் எடுத்துக் கொண்டாள். சமையல் அறைக் காலண்டரில், சிலிண்டர் மாட்டிய தேதியில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போடுகிறாள். அதற்குக் கீழே எடையை எழுதுகிறாள்.

போன வாரம் காலையில் நான் பத்திரிகை படித்துக் கொண்டு இருந்தேன். அவள் வந்து நின்றாள்.

"அப்பா, இன்னும் 11 நாள்தான் இருக்கு. இன்னைக்கே புக் பண்ணிடுங்க" என்றாள்.

பண்ணி விட்டேன்.