தோட்டா எனப்படும் ஓர் இரும்புத் துண்டு

ராஜபாளையத்தில் நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டை இடிப்பதற்கு முன்னால், சாமான்களைப் பிரித்து வைப்பதற்காக நானும் போயிருந்தேன். மச்சில் இருந்த தகரப் பெட்டி ஒன்றில் பழைய பத்திரங்களுக்கு அடியில் துணியில் முடிந்து வைத்திருந்த மூன்று பித்தளைக் கூடுகள் கிடைத்தன. சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக்கள். அடிப்பகுதியில் .318 என்று பொறித்திருந்தது. அவற்றுக்குரிய ரைபிள் நண்பரின் தாத்தா வாங்கியது. முறைப்படி அப்பாவின் பெயருக்கு மாறிய உரிமத்துடன் இன்றும் வீட்டில் இருக்கிறது. தேர்தல் அறிவிக்கப்படும் போதெல்லாம் அதைக் கொண்டுபோய் ஒப்படைப்பதும், முடிவு வந்தபின் மீட்டு வருவதும்தான் கடந்த முப்பது ஆண்டுகளாக அது செய்துவரும் பயணம். சுடுவதற்குத் தோட்டா இல்லை.

.318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்பது 1910-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அறிமுகமான தோட்டா. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரு தலைமுறை வேட்டைக்காரர்கள் விரும்பி வைத்திருந்தது. இன்று எந்தக் கடையிலும் சாதாரணமாகக் கிடைப்பதல்ல. ‘வேறு தோட்டாவின் கூட்டை இந்த வடிவத்துக்குப் பிடித்துக்கொள்ள முடியாதா?’ என்று நண்பர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய யோசனைகளே இக்கட்டுரை. நான் வேட்டைக்காரனும் அல்லன், துப்பாக்கிப் பிரியனும் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ‘வைல்ட்கேட்’ என்று ஒரு வகைத் தோட்டா உண்டு. காட்டுப்பூனை என்று பொருள். எந்த ஆலையும் தயாரிக்காத, யாரோ ஒருவர் தம் விருப்பத்துக்கு ஏற்பக் கூட்டின் கழுத்தைக் குறுக்கியோ தோளை மாற்றியோ உருவாக்கிக்கொண்ட தோட்டாவுக்கு அந்தப் பெயர். சில காட்டுப்பூனைகள் பின்னாளில் வீட்டுப்பூனைகளாகும். .22-250 என்ற தோட்டா பல ஆண்டுகள் தனிமனிதர்களின் பட்டறைகளில் வளர்ந்து, 1965-இல்தான் ரெமிங்டன் நிறுவனத்தின் பட்டியலில் ஏறியது. .35 வீலன் 1922-இல் பிறந்து, ஆலைத் தயாரிப்பாவதற்கு 1988 வரை காத்திருந்தது. ஆலை இன்னும் ஏற்காத தோட்டாவும், ஆலை கைவிட்ட தோட்டாவும் ஒரே நிலையில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் தனியாக அச்சு செய்தாக வேண்டும்.

அச்சு என்று நான் சொல்வது பட்டறைக்காரர்கள் ‘டை’ என்று சொல்வதை. சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரை ஒட்டிக்கொள்கிறது. பிறகு சற்றே சுருங்குகிறது. மறுமுறை பயன்பட வேண்டுமானால் அதைப் பழைய அளவுக்கு இறுக்க வேண்டும். நடுவே கூட்டின் வடிவத்தில் குடைந்த எஃகு உருளைதான் அச்சு. குடைவு அறையைவிட மிகச் சிறிதளவு குறுகலாக இருக்க வேண்டும். அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு. அதற்கு மேல் இறுக்கினால் பித்தளை களைத்து, ஒருநாள் அறைக்குள்ளேயே கூடு இரண்டாக அறும். குறைவாக இறுக்கினால் கூடு அறைக்குள் போகாது. குடைந்தபின் எஃகைச் சூடேற்றிக் கெட்டிப்படுத்தினால் அது கொஞ்சம் கோணும். அந்தக் கோணலையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

வாங்குபவர் வேலையும் எளிதன்று. தம் துப்பாக்கியில் சுட்ட கூடுகளை, வழக்கமாக மூன்றை, அச்சு செய்பவருக்கு அனுப்ப வேண்டும். அவற்றை அளந்துதான் அறையின் உண்மை அளவை அவர் கண்டுகொள்வார். பெயரை நம்பி வேலையில் இறங்க முடியாது. .318 என்ற பெயர் குழலின் உள்விட்டத்தைக் குறிக்கிறது. அதில் செல்லும் குண்டின் விட்டமோ.330 அங்குலம். கூடுகள் இல்லாதவர்கள் செரோசேஃப் என்ற கலப்பு உலோகத்தை உருக்கி அறைக்குள் ஊற்றி வார்ப்பு எடுப்பார்கள். கொதிநீரின் வெப்பத்துக்கும் குறைவிலேயே உருகும் உலோகம் அது. ஆறும்போது முதலில் சுருங்கிக் கையோடு வந்துவிடும். பிறகு மெல்ல விரிந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அதை அளந்து எழுதிக்கொள்வார்கள். அச்சு செய்து விற்பதில் பெரிய பெயரான ஆர்சிபிஎஸ் நிறுவனத்தை, பிரெட் ஹன்டிங்டன் என்பவர் 1943-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற சிற்றூரில் தொடங்கினார்.

ராஜபாளையமும் இவ்வகைக் கைகளுக்குப் பெயர்போன ஊர்தான். பி. ஏ. சி. ராமசாமி ராஜாவின் காலத்திலிருந்து நூற்பாலைகள் இங்கே உண்டு. ஆலைகள் இருந்தால் அவற்றைச் சுற்றி லேத் பட்டறைகளும் இருக்கும். நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுழலும் கதிரில் ஒரு மயிரிழை கோணல் இருந்தாலும் நூல் அறும். அந்தக் கோணலைக் கண்ணால் அன்றி விரலால் அறிபவர்கள் இங்கே இருக்கிறார்கள். நண்பருக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் போனோம். அவர் ஒரு கூட்டை எடுத்துத் துடைத்து, மைக்ரோமீட்டரில் நாலைந்து இடங்களில் அளந்தார். உள்ளே விளக்கு அடித்துப் பார்த்தார்.

“செஞ்சிரலாம் தம்பி. ரீமர் ஒண்ணு அடிக்கணும், அதுக்குத்தான் செலவு. இது என்ன சாமானு?”

நண்பர் சொன்னார். பெரியவர் கூட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மில்லுக்குக் கதிர் கேளுங்க, செஞ்சு தாரேன். இது வேண்டாம்ப்பா.”

அவர் சட்டம் படித்தவரல்லர். ஆனால் சரியாகத்தான் சொன்னார். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இரண்டாம் பிரிவில், தோட்டா என்றால் என்ன என்று வரையறை தருகிறது. தோட்டாவின் பாகங்களும் தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் அந்த வரையறைக்குள் அடக்கம். நேர்ப்பொருளில் படித்தால், மருந்தும் குண்டும் இல்லாத, தன்னால் யாரையும் கீறவும் இயலாத அந்தக் குடைந்த எஃகுத் துண்டும் சட்டத்தின் கண்ணில் தோட்டாதான். உரிமமின்றித் தோட்டா தயாரிப்பவருக்கான தண்டனை 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழாண்டு. ஆயுள் வரை நீளலாம். நண்பரின் அப்பாவிடம் இருப்பது துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம். அதைக் காட்டி அச்சு செய்யச் சொல்ல முடியாது.

இந்தச் சந்தேகக் கண் நேற்று வந்ததல்ல. லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர் கையில் ஆயுதம் இருப்பதையே அச்சத்தோடு பார்த்தது. பிறகு வெள்ளைக்கார வேட்டைக்காரர்களையும் அந்த அச்சம் தொட்டது. 1907-வாக்கில் .450 காலிபர் ரைபிள்களுக்கு இந்தியாவில் தடை வந்தது. பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் கலகக்காரர் கைகளில் இருந்தால், அதே விட்டமுள்ள குண்டுகள் அவற்றுக்குப் போய்ச் சேரும் என்ற எண்ணம் காரணமாகச் சொல்லப்படுகிறது. லண்டன் துப்பாக்கிக்காரர்கள் என்ன செய்தார்கள்? விட்டத்தைச் சற்றே மாற்றினார்கள். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .465-ஐக் கொண்டுவந்தது; .470, .475 என்று வரிசையாக .450-இன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆப்பிரிக்க யானை வேட்டைக் கதைகளில் புகழ்பெற்ற பல தோட்டாக்களின் புகழுக்கு, கல்கத்தாவில் போட்ட ஓர் உத்தரவும் காரணம்.

ராணுவத்தின் .303 குடிமக்களுக்கு மறுக்கப்பட்டதால்தான் ஆஸ்திரிய மான்லிகர் வழிவந்த .315 இங்கே வேரூன்றியது. ஆட்சி மாறியும் அது போகவில்லை, இஷாப்பூர் ஆலையின்.315 ரைபிள் சுதந்திர இந்தியாவின் உரிமதாரர்களுக்கும் உரியதாயிற்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ராணுவக் காலிபர்களுக்குக் கட்டுப்பாடு இருந்தபோது, .303 கூட்டின் கழுத்தைக் கால் அங்குலத்துக்குக் குறுக்கி .303/25 என்ற காட்டுப்பூனையை உருவாக்கினார்கள். சட்டம் ஒரு அளவைத் தடுத்தால் கைவினை வேறொரு அளவைக் கண்டுபிடிக்கும் என்பதே இந்த வரலாறுகள் சொல்வது. அங்கெல்லாம் கைவினைக்கு ஓர் இடம் விடப்பட்டிருந்தது. இங்கே அந்த இடமே மூடப்பட்டிருக்கிறது.

இதை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மற்றொரு நண்பரிடம் சொன்னேன். செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் பல ஆண்டுகளாக நடந்து பழகியவர். “தோட்டா இல்லாத துப்பாக்கிதான் காட்டுக்கு நல்லது” என்றார். அவர் பேச்சைத் தள்ள முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால் இந்த மலையில் துப்பாக்கிச் சத்தம் சாதாரணம். ராஜபாளையம் நாயே வேட்டைக்கென்று வளர்க்கப்பட்டதுதான். 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயம் வந்தது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலி திரும்பிய மலையில் மறுபடி துப்பாக்கி வெடிப்பதை நானும் விரும்பவில்லை. அஞ்சல் தலையில் இடம்பெற்ற அந்த வெள்ளை நாய் வீட்டு வாசலைக் காத்தாலே போதும்.

ஆனால் காட்டை இன்று அச்சுறுத்துவது எது என்று பார்க்க வேண்டும். கள்ள வேட்டைக்காரன் நாட்டுத்துப்பாக்கியில் கருமருந்தை வாய் வழியாக இடித்து, கையில் கிடைத்த இரும்புத் துணுக்கைப் போட்டுச் சுடுகிறான். அல்லது அவுட்டுக்காய் வைக்கிறான்; அதைக் கடித்த பன்றியும் சில வேளை யானையும் வாய் சிதறிச் சாகின்றன. அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு அவனுக்கு எதற்கு? துல்லியம் தேடுபவன் உரிமமும் உரிமத்தில் துப்பாக்கியின் எண்ணும் முகவரியும் உள்ளவன். அவனைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. இருவரையும் ஒரே வரையறைக்குள் போட்டுக் கட்டுவதால், கண்காணிக்க எளிதானவன் அடங்கிவிடுகிறான். மற்றவன் எப்போதும்போல் இருட்டில் இருக்கிறான்.

விளையாட்டின் பெயரைச் சொல்லி இதற்கு வாதாடுபவர்கள் உண்டு. அதில் முழு உண்மை இல்லை. ஒலிம்பிக் ரைபிள் போட்டிகள் காற்றுத் துப்பாக்கியிலும் .22 விளிம்படித் தோட்டாவிலும் நடப்பவை; .22 தோட்டாவின் கூட்டை வழக்கமாக யாரும் மறுபடி நிரப்புவதில்லை. முன்னூறு மீட்டர் போன்ற பெரிய துப்பாக்கிப் போட்டிகளுக்குத்தான் கையால் நிரப்பிய தோட்டாவின் பயன் தெரியும். ஆகவே பதக்கத்தைக் காட்டிச் சலுகை கேட்பதில் எனக்கு ஆர்வமில்லை.

நான் கேட்பது சிறியது. தோட்டா தயாரிக்கும் இயந்திரம் என்ற சொற்களை எழுதியபோது, மனத்தில் இருந்தது ஆயிரக்கணக்கில் தோட்டா துப்பும் ஆலை இயந்திரமாகத்தான் இருக்க வேண்டும். கையால் ஒன்று ஒன்றாகப் பிடிக்கும் அச்சை அதிலிருந்து பிரிக்க வேண்டும். மருந்தும் கேப்பும் இப்போதிருக்கும் கட்டுப்பாட்டிலேயே இருக்கட்டும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உரிமதாரரின் துப்பாக்கி எண்ணைக் குறித்து, அச்சிலும் அதே எண்ணைப் பொறித்து, பட்டறையில் ஒரு பதிவேடு வைத்துச் செய்துகொள்ள ஒரு விதி போதும். காவல்துறைக்கு அதனால் தெரியவருவதே மிகுதி, மறைவது எதுவுமில்லை. கழுத்தில் கத்தியாக ஏழாண்டு தொங்கும்போது எந்தப் பட்டறைக்காரரும் ஏட்டைத் திறக்க மாட்டார். வேலையை மறுப்பார், அல்லது மறைவாகச் செய்வார். இரண்டில் எது நாட்டுக்கு நல்லது?

இது நடக்கும்வரை இன்னொன்றைச் செய்யலாம். இந்த வட்டாரத்து வீடுகளில் இப்படித் தோட்டா தீர்ந்த துப்பாக்கிகள் இன்னும் இருக்கும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததால், பல பழைய துப்பாக்கிகள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. வெளியேறுமுன் எவராவது அவற்றின் அறைக்கு வார்ப்பு எடுத்து, அளவுகளைத் தமிழில் எழுதி வைத்தார்களா? யார் செய்தது, எந்த ஆண்டு வந்தது, எந்த மலையில் சுட்டது என்ற கதையையாவது கேட்டுப் பதிந்தார்களா? பழங்காசுக்கும் ஓலைச்சுவடிக்கும் காட்டும் அக்கறையில் கால்பங்கு இதற்கும் காட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பரின் வீடு இப்போது இடிந்துவிட்டது. ரைபிள் உரிமத்தோடு புது வீட்டின் பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டது. மூன்று கூடுகளையும் திருப்பிக் கொடுக்குமுன் பட்டறைப் பெரியவர் தம் நோட்டில் அவற்றின் அளவுகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டதை நான் கவனித்தேன். எதற்கென்று கேட்கவில்லை.