பார்சல் கட்ட நாங்கள், பதில் சொல்ல யார்?

2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று தள்ளிப்போட்டார்கள். அது எங்கள் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றமே 2024இல் சொன்னது. கடைசியில் 2025 மே 6ஆம் திகதி வரிசையில் நின்று வாக்குப் போட்டோம். அந்த வாக்குக்குப் பயன் கிடைக்குமென்று பார்த்திருந்தபோது, அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது.

நாடு முழுக்க 600க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. கண்டி மாவட்டத்தில்தான் இழப்பு அதிகம். மலை சரிந்து பாதை அடைபட்டது, கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. அந்த நேரம் கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான மடவளையில் முதலில் இறங்கியவர்கள் எங்கள் பொடியன்மார்தான். சோறாக்கிப் பார்சல் கட்டினார்கள், மண்வெட்டியோடு போய் வீடு வீடாகச் சேறு அள்ளினார்கள். எந்த மதத்தார் வீடு என்று யாரும் கேட்கவில்லை. 2018 மார்ச்சில் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்ததைக் கண்ட சனத்துக்கு அந்த ஒரு பார்சலின் பெறுமதி தெரியும்.

ஆனால் நிவாரணப் படிவத்தோடு அலுவலகப் படியேறினால், "உங்கட ஆக்கள்தான் எல்லாம் செய்றாங்களே!" என்கிறார்கள். அதைக் கேட்கத்தான் வயிறு எரிகிறது. ஒரு சவர்க்காரக் கட்டி வாங்கினாலும் 18 சதவீதம் வற் வரி கட்டுகிறோம். பள்ளிவாசல் சந்தாவும் கொடுக்கிறோம், கட்டாரில் இருக்கும் பிள்ளையும் காசு அனுப்புகிறது. நாங்கள் ஓடி ஓடிச் செய்வதைக் காட்டியே செய்ய வேண்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்ன நியாயம்?

சந்தாக் காசில் உலருணவுப் பொதி கொடுக்கலாம். சரியும் மலைக்கு அணை கட்ட முடியுமா? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விட்டால், குடும்பங்களை எழுப்பிக் கொண்டுபோய் வைக்க இடம் தர முடியுமா? எங்களுக்காவது ஒரு ஜமாஅத் இருக்கிறது. மேலே தோட்டத்து லயத்தில் இருப்பவர்களுக்கு வெளிநாட்டுப் பிள்ளையும் இல்லை, காணி உறுதியும் இல்லை. வீடு கட்ட 50 இலட்சம் என்று அரசாங்கம் அறிவித்தால், உறுதியில்லாத அந்தக் குடும்பம் எந்தக் காணியைக் காட்டும்? அரசாங்கம் என்று ஒன்று வேண்டியது முதலில் அவர்களுக்குத்தான்.

கேட்கலாம் என்றால் மாகாண சபையும் இல்லை. மத்திய மாகாணத்துக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பரில். 2018இல் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு மாகாணப் பாதைக்கும் பாடசாலைக்கும் பதில் சொல்ல நாங்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லை.

அந்தத் தேர்தலை வையுங்கள். வாக்குக் கேட்டு மடவளைக்கு வருகிறவர், எந்தக் கானை எப்போது வெட்டுவார், எந்த மலைச்சரிவுக்கு எவ்வளவு ஒதுக்குவார் என்று எழுதிக் கொண்டு வரட்டும். அடுத்த மழைக்கும் எங்கள் பொடியன்மார் மண்வெட்டியோடு இறங்குவார்கள். அவர்களுக்கு முன்னால் அரசாங்கத்தின் பெக்கோ வந்து நிற்க வேண்டும்.