டிக்கட் வெட்டினால் புண் ஆறிவிட்டதா?



ஹேர்னியா ஒப்பரேஷன் செய்து ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வந்தவரை மறுவாரமே உர மூட்டை தூக்க அனுப்புகிறார்கள். "நடக்கிறான், சாப்பிடுகிறான், இன்னும் என்ன?" என்று உத்தியோகத்தர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நமது பதில் இதுதான்.

அடிவயிற்றுத் தசை பலவீனமான இடத்தில் குடல் பிதுங்குவதே ஹேர்னியா. அதை உள்ளே தள்ளி, பெரும்பாலும் வலை வைத்துத் தைக்கிறார்கள். மேல்தோல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். உள்ளே வலையும் தசையும் ஒட்டிப் பலப்பட மேலும் காலம் பிடிக்கும். ஆகவே 4 முதல் 6 வாரம் வரை பாரம் தூக்க வேண்டாம் என்று வைத்தியர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். ஒரு யூரியா மூட்டை 50 கிலோ! அதைச் சுமந்து மலையேறச் சொல்வது நோயைத் திரும்ப வரவழைக்கும் வேலை.

நாம் சும்மா இருக்கச் சம்பளம் கேட்கவில்லை. மெதுவாக நடப்பது உடம்புக்கு நல்லது. தவறணையில் உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கலாம். ஆனால் அதற்கு அரைப்பேர் போட்டால், வலியை மறைத்துக்கொண்டு மூட்டை தூக்கத்தான் தொழிலாளி போவார். குற்றம் அவருடையதா, செக்ரோலுடையதா?

லயத்தில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் பாரம்தான், வீட்டார் தூக்கட்டும். மலச்சிக்கல் வராமல் தண்ணீர், கீரை, பழம் கொடுங்கள். இருமலுக்கு மருந்து எடுங்கள். பீடி, சுருட்டு வேண்டாம். புண் ஆறுவதை அது தாமதப்படுத்தும்.

விதைப்பையில் சிறு வீக்கமும் கன்றிய நிறமும் சில நாட்களில் வற்றும். வீக்கம் பெருத்துக்கொண்டே போனால், புண் சிவந்து சீழ் வைத்தால், காய்ச்சல் கண்டால், சிறுநீர் போகாவிட்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பழைய இடத்தில் கட்டி கல்லாகி, வலித்து, வாந்தியும் வந்தால் உயிருக்கே ஆபத்து. டிஸ்பென்சரி மாத்திரையோடு நிற்காமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நிர்வாகத்திடம் நமது கோரிக்கைகள் மூன்று: வைத்தியர் எழுதிய நாள்வரை பாரம் தூக்கும் வேலை கூடாது. லேசான வேலைக்கும் முழுப்பேர் போட வேண்டும். அவசரத்துக்கு, கொழுந்து லொறி வரும்வரை காக்க வைக்காமல் வாகனம் தர வேண்டும்.

வைத்தியர் தரும் துண்டை மடித்துப் பெட்டியில் வைக்காதீர்கள். ஒரு பிரதி துரையிடம், ஒரு பிரதி தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். மீறி மூட்டை தூக்கச் சொன்னால், அது ஒருவருடைய பிரச்சினையல்ல; சங்கத்தின் பிரச்சினை.